முதலில் அந்த மருந்துப் பையைக் கொட்டுங்கள்

போன வாரம் மோல்மீனிலிருந்து ஒரு அண்ணன் போன் செய்தார். அம்மா வழியில் தூரத்து உறவு, பேசிப் பல வருடம் ஆகிறது. எடுத்த எடுப்பிலேயே, "தங்கச்சி, உங்க அப்பாவுக்கு சீ-போ மருந்து பலிக்காமப் போயி, அப்புறம் மறுபடி சாப்பிட்டு சரியாச்சுன்னு சொல்றாங்களே, நிஜமா?" என்றார். அவருக்கு ஹெபடைடிஸ் சி, ஈரலைத் தாக்குகிற வைரஸ். (பர்மியில் கிருமிக்கு 'போ' என்பார்கள், அதனால் இங்கே தமிழ் பேசுகிறவர்கள் வாயிலும் அது சீ-போதான்.) மூன்று டப்பா, டப்பாவுக்கு 28 மாத்திரை, மொத்தம் 84 நாள், ஒரு நாள் விடாமல் சாப்பிட்டிருக்கிறார். முடித்து மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்த்தால் வைரஸ் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. அதே மாத்திரையில் இன்னும் மூன்று டப்பா கடையில் வாங்கிச் சாப்பிட்டால் போய்விடுமா என்று கேட்கத்தான் போன்.

வாங்காதீங்க அண்ணே, கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகு, இதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை, ரங்கூனில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். ஆனால் இந்த நோய்க்கு எங்கள் அப்பா மூன்று முறை மருந்து சாப்பிட்டிருக்கிறார், இரண்டு முறை தோற்றிருக்கிறார், மூன்று முறையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

அப்பாவுக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் பேகு பக்கம் கிராமத்தில் காய்ச்சல் என்றால் ஊசிதான், ஒரே ஊசியைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வரிசையாகப் போடுவார்களாம். அதுவாக இருக்கலாம், முடிவெட்டும் கடைக் கத்தியாகவும் இருக்கலாம். 2015இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு, சரியாகச் சொன்னால் 2.7 சதவீதம் பேருக்கு, இந்தக் கிருமி பட்ட அடையாளம் ரத்தத்தில் இருந்தது. நம் ஆட்கள் இதை ஏதோ ஒரு குடும்பத்துக்கு மட்டும் வந்த அவமானம் போல மூடி மூடி வைக்கிறோம்.

முதல் முறை 2011. அப்போது இன்டர்ஃபெரான் ஊசிதான். வாரம் ஒன்று, 24 வாரம், கூடவே ரிபாவிரின் மாத்திரை. அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அதில்தான் போனது. ஊசியைக் குளிரில் வைக்க வேண்டும், எங்கள் தெருவில் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஐஸ் வாங்கி வாய் அகன்ற ஃபிளாஸ்கில் போட்டு, ஊசியைத் துணியில் சுற்றி, ஐஸ் நேராகப் படாமல் வைத்திருப்போம். வெள்ளிக்கிழமை ஊசி போட்டால் சனிக்கிழமை முழுக்க அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல். முடி கொட்டியது, சாப்பாடு இறங்கவில்லை, காரணமே இல்லாமல் அழுவார். நாங்கள் அவர் அழுது பார்த்ததே அந்த ஆறு மாதத்தில்தான். ஊசி முடிந்தபோது ரத்தத்தில் கிருமி இல்லை என்றார்கள், ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்டர்ஃபெரான் தோற்றுப்போய் அதோடு வைத்தியத்தையே விட்டுவிட்ட ஆட்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தத் தோல்வியும் இப்போதைய மாத்திரைத் தோல்வியும் ஒன்று இல்லை. இன்டர்ஃபெரான் நம் உடம்பின் எதிர்ப்பைக் கிளப்பிவிடுகிற மருந்து. இப்போதைய மாத்திரைகள் நேரே வைரஸின் உறுப்புகளைப் பிடிக்கிறவை. ஊசி பலிக்காதவர்களுக்கு இந்த மாத்திரை, மருந்தே சாப்பிடாதவர்களுக்குப் பலிப்பது போலத்தான் பெரும்பாலும் பலிக்கிறது. அந்தப் பழைய அனுபவத்தை நினைத்துப் பயந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.

இரண்டாம் முறை 2018. சொஃபாஸ்புவிர், வெல்படாஸ்விர் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, இந்தியாவில் தயாரித்தது, தினம் ஒன்று, 12 வாரம். சங்கிலி விற்ற காலத்தோடு பார்த்தால் விலை ஒன்றுமே இல்லை. காய்ச்சல் இல்லை, முடி கொட்டவில்லை. அப்பா அனோரத்தா ரோட்டில் பழையபடி காலையில் நடந்தார். நாங்கள் காளி கோவிலில் அர்ச்சனை கூட செய்துவிட்டோம். மருந்து முடிந்த அன்று ரத்தத்தில் கிருமி இல்லை. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது இருந்தது.

அந்த நாட்களை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. வைரஸ் திரும்பியதைவிட மனிதர்கள் பேசியதுதான் அதிகம். பத்தியம் இருந்திருக்க மாட்டார், ஒளித்துக் குடித்திருப்பார், மாத்திரையைத் துப்பியிருப்பார் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்பா குடிக்கிறதை விட்டே இருபது வருடம் ஆகிறது. அத்தை வீட்டில் அப்பாவுக்கு மட்டும் தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தார்கள், அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்து. அப்பா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காபியைக் குடித்தார். இந்தக் கிருமி ரத்தத்தில்தான் பரவும். டம்ளரில், தட்டில், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதில், கட்டிப்பிடிப்பதில் பரவாது. ஷேவிங் பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ் இவற்றைத் தனியாக வைத்துக்கொண்டால் போதும். வீட்டில் நாங்கள் நான்கு பேரும் ரத்தம் பார்த்தோம், யாருக்கும் இல்லை.

மருந்து எழுதிக் கொடுத்த இடத்தில் கேட்டதற்கு, சிலருக்குப் பலிக்காது, வயதாகிவிட்டது, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏன் பலிக்கவில்லை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

அப்புறம் அம்மாவின் சிநேகிதி ஒருவர் சொல்லி வேறு ஒரு ஸயாமாவிடம் (பர்மியில் டாக்டரம்மாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) போனோம். ஈரல் வைத்தியம் பார்க்கிற பர்மியப் பெண்மணி, ஐம்பது வயது இருக்கும், மெதுவாகப் பேசுவார். நாங்கள் தடிமனான ரிப்போர்ட் ஃபைலோடு போயிருந்தோம். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். "ஊலே, வீட்ல நீங்க என்னென்ன சாப்பிடுறீங்களோ எல்லாத்தையும் நாளைக்கு ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. கடையில வாங்குறது, நாட்டு மருந்து, சத்து மாத்திரை, எதையும் விடாதீங்க" என்றார். (ஊலே என்றால் பர்மியில் மாமா.)

மறுநாள் சிவப்பு பிளாஸ்டிக் பை ஒன்றில் போட்டு எடுத்துப் போனோம். ஸயாமா அதை அப்படியே மேசையில் கொட்டினார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபைன், சப்பிச் சாப்பிடுகிற வெள்ளை ஆன்டாசிட் ஒரு அட்டை, அத்தை கொடுத்த கீழாநெல்லிப் பொடி ஒரு சின்ன பாட்டில். கடைசியாக, ஜிப் வைத்த குட்டிப் பிளாஸ்டிக் கவரில் பெயர் எதுவும் எழுதாமல் ஒரு பத்துப் பன்னிரண்டு காப்ஸ்யூல். இங்கே கடையில் உதிரியாகத் தருவார்களே, அது மாதிரி. ஸயாமா அந்தக் கவரை மட்டும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, காப்ஸ்யூல் மேலே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். ஒமிப்ரசோல், 20 மில்லிகிராம்.

"அது மருந்து இல்ல ஸயாமா, சும்மா கேஸ் மாத்திரை" என்றார் அப்பா.

நெஞ்செரிச்சலுக்காக ஏழெட்டு வருடமாகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று போடுவார். கூன்யா (வெற்றிலை பாக்கு) போடுகிற பழக்கம், ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடுகிற பழக்கம், அதனால் எரிச்சல், அதனால் காப்ஸ்யூல். அதைப் போட்டு அரை மணி நேரத்தில், இன்னும் ஒன்றும் சாப்பிடாமல், சீ-போ மாத்திரை. 84 நாளும் இப்படித்தான். மாத்திரை சாப்பிட்டதற்கு டிக் போட்டு வைத்தவளே நான்தான். அந்தக் காப்ஸ்யூலை மருந்துக் கணக்கில் நானும் சேர்க்கவில்லை.

வெல்படாஸ்விர் என்கிற அந்த மருந்து வயிற்றில் கரைய அமிலம் வேண்டும். ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் அந்த அமிலத்தையே நிறுத்திவைப்பவை. அமிலம் குறைந்தால் மருந்து சரியாகக் கரையாது, ரத்தத்தில் ஏறவேண்டிய அளவு ஏறாது. தினமும் மாத்திரை உள்ளே போகும், ஆனால் அதில் ஒரு பங்கு வேலைக்கே வராமல் வெளியே போய்விடும். ஆன்டாசிட் என்றால் நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிடலாம். ஒமிப்ரசோல் அப்படி இல்லை, கூடவே சாப்பிடாமல் இருப்பதுதான் நல்லது. நிறுத்தவே முடியாது என்கிற நிலை இருந்தால் சீ-போ மாத்திரையை சாப்பாட்டோடு எடுத்து, நான்கு மணி நேரம் கழித்து ஒமிப்ரசோல், அதுவும் 20 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், அதுவும் டாக்டர் சொல்லி.

இதேபோல இன்னும் சில மருந்துகள் இருக்கின்றன, நம் ஊரில் இதை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசிபின், ஃபெனிடாயின். இவை சீ-போ மருந்தின் அளவை ரத்தத்தில் வெகுவாக இறக்கிவிடும். ஒன்றாகச் சாப்பிடவே கூடாது. இருதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவருக்கு வேறு ஆபத்து, சொஃபாஸ்புவிரோடு சேர்ந்தால் துடிப்பு பயங்கரமாகக் குறைந்துவிடலாம். காசநோய் மருந்து ஒரு கிளினிக், ஈரல் மருந்து இன்னொரு கிளினிக் என்று வாங்குகிறவர்கள் இங்கே எத்தனை பேர்! ஒரு இடத்துச் சீட்டை மற்ற இடத்தில் காட்டியே ஆக வேண்டும்.

காப்ஸ்யூல்தான் காரணம் என்று ஸயாமா அடித்துச் சொல்லவில்லை. அப்பாவுக்கு வந்திருப்பது 3ஆம் வகை வைரஸ், இந்த வகைதான் புது மருந்துகளுக்கும் கொஞ்சம் முரண்டு பிடிப்பது. அதோடு ஈரலின் இறுக்கத்தை அளக்கிற ஃபைப்ரோஸ்கேனில் ஈரல் இறுகி சிரோசிஸ் ஆரம்பித்திருந்தது. இந்த இரண்டும் சேர்ந்தாலே பலிக்கிற வாய்ப்பு குறையும், அதற்கு மேல் காப்ஸ்யூல். நடுவில் எங்காவது ஊசி போட்டுக்கொண்டாரா, பல் பிடுங்கினாரா, கடையில் ஷேவ் செய்தாரா என்றெல்லாமும் கேட்டார். பழைய வைரஸ் திரும்பியதா, புதிதாக இன்னொரு முறை தொற்றியதா என்று பிரித்துப் பார்க்கவாம். அதுவும் இங்கே யாரும் கேட்காத கேள்வி.

மோல்மீன் அண்ணன் கேட்டது போல நாங்களும் கேட்டோம், அதே மாத்திரையை காப்ஸ்யூல் இல்லாமல் திரும்பச் சாப்பிட்டால் என்ன என்று. அதற்கு அவர் சொன்ன பதில்தான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது. ஒரு முறை மருந்தில் பிழைத்த வைரஸ் பழைய வைரஸ் இல்லை. வெல்படாஸ்விர் எந்த இடத்தில் பிடிக்குமோ அந்த இடத்தை மாற்றிக்கொண்ட வைரஸ்தான் பெருகி நிற்கும். அந்த மாற்றம் வருடக்கணக்கில் உடம்பில் தங்கும். சொஃபாஸ்புவிருக்கு எதிரான மாற்றம் வைரஸை பலவீனமாக்கிவிடுவதால் பெரும்பாலும் நிலைக்காது, அதனால்தான் இரண்டாம் சுற்றிலும் சொஃபாஸ்புவிர் இருக்கும். ஆனால் கூட இன்னொரு பலம் வேண்டும். அதே 12 வாரத்தை அப்படியே திரும்பச் சாப்பிட்டால் பணமும் போகும், வைரஸும் இன்னும் கெட்டிப்படும்.

அந்தப் பலம் என்ன என்றால், இப்போது உலகத்தில் முதலில் சொல்வது வாக்சிலப்ரெவிர் சேர்ந்த மூன்று மருந்து மாத்திரை, 12 வாரம். 2017இல் வந்த ஆய்வில் இந்த மாதிரி தோற்றவர்களிலேயே 96 சதவீதம் பேருக்குப் பலித்தது. வயிற்றில் நீர் கோத்துவிட்டவர்களுக்கு, ஈரல் கைவிட்டுவிட்டவர்களுக்கு அதைக் கொடுக்கக்கூடாது. அப்பாவின் ஈரல் அந்த நிலைக்குப் போகவில்லை, ஆனால் 2019இல் அந்த மாத்திரை எங்கள் கைக்கு எட்டவில்லை. ஆகவே எங்களுக்கு இருந்த வழி, பழைய மாத்திரையையே 24 வாரம், கூட ரிபாவிரின்.

"பலிக்குமா ஸயாமா?" என்றார் அப்பா.

"உங்க வகை வைரஸுக்கு நூறு பேர்ல 78 பேருக்குப் பலிச்சிருக்கு."

"அப்ப மீதி 22 பேர்?"

"அவங்களை அப்படியே விட்டுட மாட்டோம் ஊலே. ஈரலைப் பார்த்துக்கிட்டே இருப்போம், மருந்து வர வர கொடுப்போம்."

அப்பாவுக்கு அந்த பதில் பிடித்திருந்தது, தலையாட்டினார். முதல் முறையாக ஒருவர் அவரிடம் கணக்கைச் சொல்லிப் பேசியிருக்கிறார்.

ஆரம்பிக்கும் முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இது முக்கியம். பி இருப்பவருக்கு சி போகும்போது பி தலைதூக்கி ஈரலைத் தாக்கலாம், நம் நாட்டில் சி-யைவிட பி-தான் அதிகம். கீழாநெல்லியை நிறுத்தச் சொன்னார். மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி என்று வழிவழியாகச் சொல்கிறோம், எனக்கு அதன் மேல் மரியாதைதான், ஆனால் சி வைரஸை அது போக்கியதற்கு ஆதாரம் கிடையாது, மருந்து சாப்பிடும் காலத்தில் என்னவென்று தெரியாத பொடி எதுவும் வேண்டாம்.

காப்ஸ்யூலை நிறுத்தியதும் முதல் இரண்டு வாரம் எரிச்சல் முன்பைவிட அதிகமாக வந்தது. அப்படித்தான் வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்கினார். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டுவந்தோம், கட்டிலின் தலைமாட்டுக்கால் இரண்டுக்கும் கீழே செங்கல் வைத்தோம், கூன்யா பாதியாகக் குறைந்தது. சீ-போ மாத்திரை பகல் சாப்பாட்டோடு. ரொம்ப எரிந்தால் மட்டும் ராத்திரி ஒரு ஆன்டாசிட்.

ரிபாவிரின்தான் படுத்தியது. காலையில் இரண்டு, ராத்திரி மூன்று, ஆக மொத்தம் 1000 மில்லிகிராம். அது ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும். ஆறாவது வாரம் ஹீமோகுளோபின் 13.8இலிருந்து 9.6க்கு இறங்கிவிட்டது. நாங்கள் இருப்பது நாலாவது மாடி, ரங்கூன் பழைய வீடுகளின் படிக்கட்டு எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், ஏணி போல. அப்பா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவார். இரண்டாவது மாடி பர்மிய அம்மா ஒருவர் தன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு வைத்தார், யாரும் கேட்கவில்லை, அவராகவே. அதன் பிறகு அப்பா இறங்குவதையே விட்டுவிட்டார், பால்கனியிலிருந்து தொங்குகிற கயிற்றுக் கிளிப்பில்தான் பேப்பர், மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்), லேப் ரிப்போர்ட் எல்லாம் மேலே வந்தன. ஸயாமா ரிபாவிரினை 600 ஆகக் குறைத்தார், மற்ற மாத்திரையைத் தொடவில்லை. இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் மாதம் ஒரு முறையாவது ஹீமோகுளோபின் பார்க்காமல் இருக்கவே கூடாது. சின்ன வயதுக்காரர்களுக்கு இன்னொன்று: ரிபாவிரின் கருவைச் சிதைக்கும். சாப்பிடுவது ஆணோ பெண்ணோ, மருந்துக் காலத்திலும், முடிந்து குறைந்தது ஆறு மாதமும், சாப்பிட்டவர் பெண் என்றால் ஒன்பது மாதமும் கரு உண்டாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2019 ஜூனில் ஆரம்பித்து நவம்பரில் முடிந்தது. 2020 பிப்ரவரியில் ரத்தம் கொடுத்தோம். நான் அலுவலகத்தில் இருந்தேன், தம்பி ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினான், கிருமி இல்லை. கழிவறைக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்து மறுபடி கணக்கு எழுதினேன்.

அதற்குப் பிறகும் ஒரு பயம் வந்தது. கண் புரை ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'சி பாசிட்டிவ்' என்று எழுதிவிட்டார்கள். அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அது ஆன்டிபாடி பரிசோதனை, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கியதைத்தான் அது பார்க்கும், ஒரு முறை கிருமி பட்டவருக்கு குணமான பிறகும் பெரும்பாலும் காலம் முழுக்க பாசிட்டிவ் என்றுதான் வரும். கிருமி இப்போது இருக்கிறதா இல்லையா என்று பார்க்க, வைரஸையே தேடுகிற ஆர்என்ஏ பரிசோதனை எடுக்க வேண்டும். குணமான ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் வைத்திருக்கிறோம்.

வைரஸ் போனாலும் சிரோசிஸ் இருந்தவருக்கு ஈரல் புற்றுநோய் வருகிற வாய்ப்பு முழுக்கப் போய்விடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். 2020, 2021 இரண்டு வருடத்திலும் இரண்டு முறை எங்களால் போக முடியவில்லை, அந்த இடைவெளியில் நான் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. இதுவரை எல்லாம் நல்லபடியாக இருக்கிறது.

மோல்மீன் அண்ணனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, கூட வேறு என்ன சாப்பிட்டீங்க என்பதுதான். ஒன்றுமில்லை என்றார். கொஞ்ச நேரம் பேசி, பிரஷர், சர்க்கரை எல்லாம் கேட்டு, கடைசியில் வயிறு எரிந்தால் என்ன செய்வீங்க என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "இரு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அண்ணியைக் கூப்பிட்டு, அலமாரியில் இருக்கிற அந்தக் குட்டிக் கவரை எடுத்து வரச் சொன்னது கேட்டது. வருகிற வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ரங்கூன் வருகிறார். ஸயாமாவிடம் நேரம் வாங்கியாயிற்று. பழைய ரிப்போர்ட், காலியான டப்பா, அந்தக் கவர், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.